அணிலுக்குப் போட்ட முன்பல்லு

எம் முன்பல்ல எடுத்தது யானை. கண்டி பெரஹரா ஊர்வலத்துல, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சனம் பாத்துக்கிட்டு இருக்க, பெரிய கொம்பன் ஒண்ணு தும்பிக்கைய ஒரு வீசு வீசுச்சு. நான் அசையல. எனக்குப் பல்லு ஒண்ணு தான் போச்சு. யானைக்குத் தான் தும்பிக்கை வீங்கி, ரெண்டு நாளு தழை தின்னலையாம்.

பொய்யி. பெரஹராவுல நான் யானைய பாத்ததெல்லாம் முன்னால நிக்கிறவன் தலைக்கு மேல தெரிஞ்ச முதுகு மட்டுந்தான். ஆனா இப்ப நான் இருக்கிற அம்பிட்டியவுல இன்னைக்கும் என்னைய "யானை அடிச்ச ஆளு"ன்னு சொல்ற கெழவனுங்க ரெண்டு பேர் இருக்கானுங்க.

யானைக்கு முன்னுக்கு வேற கதையெல்லாம் இருந்துச்சு. கண்டி மார்க்கெட்டுல நாட்டாமையா, அதாவது கூலிக்கு மூட்ட தூக்குன காலத்துல, மூணு பேர் சேந்து அடிச்சானுங்க, நான் ஒத்த ஆளுன்னு சொல்லுவேன். பொண்ணு பாக்கப் போன எடத்துல, கெணத்துல விழுந்த புள்ளைய தூக்கப் போயி கல்லுல மோதிருச்சுன்னு சொன்னேன். எம் பொண்டாட்டி நம்பி கழுத்த நீட்டுனா. கலஹா பக்கம் எங்க தேயிலத் தோட்டத்துல கெணறே இல்லைங்கிறது அவளுக்குப் பொறகு தான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள தாலி ஏறிருச்சு.

நான் மூணாம் வகுப்போட நின்னவன். அந்த மூணு வருசத்துலயும் வகுப்புல இருந்தத விட பள்ளிக்கூடத்து கொய்யா மரத்துல இருந்தது தான் கூட. அதனால பேசுற மாதிரி தான் எழுத வருது. மக ஒரு கொப்பி வாங்கித் தந்து, "சும்மா பேசிக்கிட்டே இருக்கீங்க, எழுதுங்க அப்பா, வீட்டுல எல்லாருக்கும் காது வலிக்குது"ன்னு சொன்னா. அது தான் இது.

இப்ப நெசத்த சொல்றேன். இத எழுதுறப்ப மேசையில ஒரு கோப்பையில தண்ணி இருக்கு. தண்ணிக்குள்ள ஒரு பல்லு இருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. இன்னைக்கு எங்க அக்கா போனுல என் மொகத்த பாக்கப் போகுது. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு அக்கா என்னைய பாத்து.

அக்கா இந்தியாவுல, கோத்தகிரி பக்கம். தோட்டத்து ஆளுங்கள ரெண்டு நாட்டு அரசாங்கமும் பிரிச்சு எடுத்த ஒப்பந்தத்துல அந்தப் பக்கம் போனவங்கள்ல அதுவும் ஒண்ணு. மொதல்ல நாலஞ்சு கடுதாசி வந்துச்சு. நான் பதில் போடல. போட்டா என் எழுத்த அக்கா பாக்கும், பாத்தா அது போன பொறகும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலன்னு தெரிஞ்சிரும். அப்பா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர பிடிச்சு ஒண்ணு ரெண்டு போட்டாரு. அப்பா போன பொறகு அதுவும் நின்னுருச்சு. இந்த வருசம் தான் என் மக, பழைய தோட்டத்து ஆளுங்க சேந்து வச்சிருக்கிற வாட்சப் குறூப்புல தேடி, அக்காவோட பேத்திய கண்டுபிடிச்சா.

மொதத் தடவ பேசுனப்ப சத்தம் மட்டுந்தான். அக்காவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, மொகமெல்லாம் பொகையா தெரியுதுன்னு சொன்னாங்க.

"டேய்."

"அக்கா."

எத்தன புள்ள, அப்பா எப்ப செத்தாரு, எங்க பொதச்சீங்க, இதெல்லாம் கேக்கும்னு பாத்தேன். அக்கா கேட்டது வேற.

"பல்லு மொளைச்சுச்சாடா?"

எனக்கு வாய் தான் முந்திரிக்கொட்ட. மூள வர்றதுக்கு முன்னுக்கு அது வந்துரும். "மொளைக்காம என்னா? டாக்டருங்க நட்டுட்டாங்க அக்கா. சும்மா அம்மி மாதிரி நிக்குது"ன்னு சொல்லிட்டேன்.

"நெசமா?"

"நெசமாக்கா."

அக்கா அழுதுச்சு. "இம்புட்டு வருசமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்துச்சுடா. இன்னைக்குத் தான் எறங்குது. கண்ணு ஆபரேசன் முடியட்டும். மொதல்ல ஒம் பல்லத் தான் பாப்பேன்"ன்னு சொல்லுச்சு.

போன வச்சிட்டு கண்ணாடிய பாத்தேன். முன்னுக்கு ஒரு ஓட்ட. ரயில் கோச்சி போற சொரங்கம் மாதிரி. அக்கா கண்ணு சுகமாகுறதுக்குள்ள அத அடைக்கணும்.

அந்த வாரமே அம்பிட்டிய மண்டபத்துக்கு பல்லு டாக்டருங்க வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டு ஓடுனேன். சாமியே அனுப்பிருச்சுன்னு நெனச்சேன். போயி பாத்தா அவங்க பல்லு கட்ட வரல. எண்ண வந்திருக்காங்க. நாடு பூரா, அடிபட்டு ஒடஞ்ச பல்லு, விழுந்த பல்லு எத்தன பேருக்கு இருக்குன்னு ஊர் ஊரா கணக்கு எடுக்குறாங்களாம். மனுசன எண்ணுவாங்க, வீட்ட எண்ணுவாங்க, மாட்டக் கூட எண்ணுவாங்க. இல்லாத பல்ல எண்ணுறத அன்னைக்குத் தான் பாத்தேன்.

வந்தது வந்தாச்சுன்னு வரிசையில நின்னேன். அப்பத் தான் சுத்தி பாத்தேன். வரிசையில முன்னுக்கு நின்ன திரீவீல்காரன், நான் நாலஞ்சு வருசமா அவன் வண்டியில போறவன், அவனுக்கு முன்பல்லு பாதி இல்ல. சோடா போத்தல பல்லுல தொறந்தானாம். பள்ளிக்கூட உடுப்போட ஒரு பொட்டப்புள்ள, நெட்போல் போஸ்ட்டுல மோதி பல்லோட ஒரு மூல ஒடஞ்சு போயிருக்கு. கலஹா பஸ்ல வளைவுல பிரேக் போட்டப்ப முன் சீட்டு கம்பிக்கு வாய குடுத்த ஒரு பெரியவரு. எல்லாரும் சிரிக்கிறப்ப கைய கொண்டுபோயி வாய மறைக்கிறாங்க. நான் மட்டும் தான் இப்படி செய்றேன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வரிசைய பாத்தா, ஊருல பாதி பேரு கையால வாய மூடிக்கிட்டு தான் சிரிச்சிருக்காங்க. எனக்கு ஏதோ சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

எனக்கு நேர் முன்னுக்கு ஒரு அம்மா. டாக்டருங்க அவங்ககிட்ட எப்படின்னு கேட்டதுக்கு, "பீலியில வழுக்கி விழுந்துட்டேன்"னு சொன்னாங்க. லயத்துல, தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, தண்ணி விழுகுற எடம் தான் பீலி. பாசி புடிச்சு வழுக்கத் தான் செய்யும். ஆனா அந்தம்மா அத சொன்ன வேகம் எனக்குத் தெரியும். ரொம்ப நாளா தயார் பண்ணி வச்ச பதிலு. திரும்பி நடந்து வர்றப்ப என் மொகத்த பாத்தாங்க. நான் அவங்க மொகத்த பாத்தேன். பொறகு ரெண்டு பேரும் சிமெந்து தரைய பாத்தோம். எங்க லயத்துலயும் ஒரே ஒரு பீலி தான். ஆனா பொம்பளைங்களுக்கு அது எத்தன பல்ல ஒடச்சிருக்கு தெரியுமா? சில வீட்டு ஆம்பளைங்க செஞ்சதெல்லாம் அது தலையில தான் விழுகும்.

என் மொற வந்துச்சு. கதிரையில ஒக்காந்தேன். டாக்டர் மிஸ் சின்னப் பொண்ணு, அக்குறணை பக்கத்து முஸ்லிம் புள்ள, 'இருக்கு'ங்கிறத 'ஈக்கி'ன்னு தான் சொல்லும். கையில கட்டம் கட்டமா போட்ட ஒரு தாளு.

"மாமா, இந்தப் பல்லு எப்பிடி போன?"

"யானை மிஸ்."

பேனா நின்னுச்சு. "இதுல யானைக்கு கட்டம் இல்லியே மாமா. விழுந்தா ஈக்கி, வாகனம் ஈக்கி, சண்ட ஈக்கி, வெளயாட்டு ஈக்கி."

"அப்ப சண்டையில போடுங்க. யானையோட சண்ட."

அந்தப் புள்ள சிரிச்சிச்சு. சிரிச்சு முடிச்சிட்டு பேனாவ கீழ வச்சிட்டு சொல்லுச்சு: "மாமா, ஒங்களுக்கு மட்டும் தான்டு நெனச்சீங்களா? போற போற ஊருலயெல்லாம் ஈக்கி. வலி போனதும் மறந்துட்டு இருந்துருவாங்க, ஆஸ்பத்திரிக்கு வாரல்ல. அதான் நாங்க தேடி வாரது. நீங்க ஒரு பொய் சொன்னா அது அப்பிடியே கணக்குல போயிரும். உண்மைய சொல்லுங்களேன்."

பொண்டாட்டிகிட்ட சொன்னதில்ல. புள்ளைங்ககிட்ட சொன்னதில்ல. பேனா வச்சிருந்த ஒரு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்.

"எங்க அக்கா இடிச்சிருச்சு மிஸ்."

அம்மா நான் சின்னதா இருக்கிறப்பவே போயிட்டாங்க. என்னைய வளத்தது அக்கா தான். அது கொழுந்து எடுத்துட்டு வந்து, சோறாக்கி, எனக்குப் பேன் பாத்து, அப்பாவுக்கு பயந்து, அம்புட்டும் பதினாறு வயசுல. எனக்கு அப்ப பன்னெண்டு இருக்கும். ஒருநா காலையில பீலியில அக்கா வாளியில தண்ணி புடிச்சிச்சு. நான் பின்னுக்கு நின்னு கங்காணி நடக்குற மாதிரி, வயித்த தள்ளிக்கிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டு நடந்து காட்டுனேன். வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. என்னா சிரிக்கிறாங்கன்னு அக்கா வாளியோட சட்டுன்னு திரும்புச்சு. தகர வாளி விளிம்பு நேரா வாயில.

ஒடையல. முழுப் பல்லு, வேரோட கழண்டு தண்ணியில விழுந்துருச்சு. கையில எடுத்து பாத்தா நெட்டையா, உரிச்ச பூண்டு மாதிரி இருந்துச்சு. எனக்கு வலிய விட, ஒரு பல்லு இம்புட்டு பெருசாங்கிற ஆச்சரியம் தான் கூட.

அக்காவுக்கு மொகம் வெளுத்துருச்சு. எனக்கு பயமா இருந்தது அப்பாவ நெனச்சு தான். அவரு கேட்டா அக்காவ சும்மா விடமாட்டாரு. அதனால வாய்ல ரத்தத்தோட நானே முந்திக்கிட்டேன். "பீலியில வழுக்கிருச்சு அப்பா." அப்பா என்னைய ரெண்டு போட்டாரு, கண்ண எங்க வச்சிருந்தேன்னு. அக்கா அடுப்படி மூலையில நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. நான் சொன்ன மொத பொய்யி அது தான். அதுக்கு வந்த குட்டிங்க தான் மார்க்கெட்டு சண்ட, கெணறு, யானை எல்லாம்.

"சரி, அந்தப் பல்ல என்ன செஞ்சீங்க?" டாக்டர் மிஸ் கேட்டுச்சு.

"என்னா செய்வாங்க மிஸ்? கூரையில போட்டோம்."

பால் பல்லு விழுந்தா கூரையில எறிஞ்சு, அணிலே அணிலே இத எடுத்துக்கிட்டு புதுப் பல்லு தான்னு கேக்குறது தான எல்லாரும் செய்றது? எனக்கு அது வரைக்கும் விழுந்த எல்லாத்தையும் அப்படித் தான் செஞ்சோம். அணிலு ஒண்ணு பாக்கியில்லாம தந்துச்சு. இதையும் தரும்னு அக்கா நம்புச்சு. மொதத் தடவ எறிஞ்சப்ப தகரத்துல கடகடன்னு உருண்டு அக்கா காலுக்கிட்டயே வந்து விழுந்துச்சு. ரெண்டாவது தடவையும் வந்துச்சு. மூணாவது தடவ தான் மேல நின்னுச்சு. "பெரிய பல்லுல்ல, அணிலுக்கு தூக்க நேரம் எடுக்கும்"ன்னு அக்கா சொல்லுச்சு. அதுக்குப் பொறகு தெனமும் தன்னோட சோத்துல ஒரு உருண்ட கூரை ஓரத்துல வைக்கும். அணிலுக்கு லஞ்சம். தெனமும் பெரட்டுக்கு, வேலைக்கு பேர் குடுக்க, போறதுக்கு முன்னுக்கு என் வாய தொறக்கச் சொல்லி, பெருவிரலால பல்லு போன எடத்து எகிற தடவிப் பாக்கும். "கொஞ்சம் தட்டுப்படுது"ன்னு சொல்லும். ஒண்ணும் தட்டுப்படாது. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

இதக் கேட்டுட்டு டாக்டர் மிஸ் சிரிக்கல. "மாமா, அது பால் பல்லு இல்ல. நெலப்பல்லு. வேரப் புடிக்காம அப்பிடியே திருப்பி குழியில வச்சு, இல்லாட்டி பாலுக்குள்ள போட்டுக்கிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள டாக்டர்கிட்ட ஓடி வந்தா அநேகமா புடிச்சிரும். இதத் தான் சனத்துக்கு சொல்லணும்டு நாங்க அலையிற."

"பாலா?"

"ஓ, சும்மா மாட்டுப் பால்."

எங்க லயத்துக்கு பின்னுக்கு மாட்டுப்பட்டி. எட்டுற தூரம். அந்த நேரத்துல தான் அங்க பால் கறந்துக்கிட்டு இருப்பாங்க. அந்த சத்தம் கூட எனக்கு இன்னும் காதுல இருக்கு, வாளியில சர்ரு சர்ருன்னு. நாங்க மேல பாத்து அணில கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம்.

மிஸ் தாளுல என்னமோ போட்டுச்சு. "எங்க அக்காவ எந்தக் கட்டத்துல போட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"வெளயாட்டுல."

அத கேட்டதும் மனசுக்கு ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு. பல்லு கட்டணும்னு கேட்டதுக்கு, ஒரு துண்டு தாளு எழுதி, பல்லு ஆஸ்பத்திரிக்கு போகச் சொன்னாங்க. வீட்டுக்கு நடந்து வர்றப்ப ஒரு முடிவு எடுத்தேன். அந்தப் பால் கதைய மட்டும் அக்காவுக்கு சாகுற வரைக்கும் சொல்லக்கூடாது.

அக்கா போன நாள சொல்லணும். அடுத்த டிவிசன்ல இந்தியா பாஸ்போட் கெடச்ச ஒருத்தருக்கு அக்காவ கட்டிக்குடுத்தாங்க. அப்பா எங்களுக்கு இந்த நாட்டு குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாரு. ஒரே காம்பரா அறையில இருந்தவங்க ரெண்டு நாடு. கண்டி ஸ்டேசன்ல இருந்து, இந்தியாவுக்கு கப்பலேற தலைமன்னாருக்கு போற கோச்சி. ஒப்பாரி கோச்சின்னு தான் அதுக்கு பேரு. ஜன்னலுக்கு ஜன்னல் கை. உள்ளுக்கு அழுகுறாங்க, வெளிய அழுகுறாங்க, தகரப் பெட்டிய தூக்குறவன் அழுகுறான்.

அக்கா அழுகுறத என்னால பாக்க முடியல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல கோமாளித்தனம். ஜன்னலுக்கு கீழ நின்னு கங்காணி நட நடந்து காட்டுனேன். பல்ல காட்டி இளிச்சேன். அக்கா ரெண்டு கையாலயும் கண்ண மூடிக்கிட்டு, "வாய மூடுடா தம்பி. அந்த ஓட்டைய பாத்துக்கிட்டு என்னால போக முடியலடா"ன்னு கத்துச்சு.

மூடுனேன். கோச்சி நகந்துச்சு. அக்கா எட்டிப் பாத்து என்னமோ கேட்டுச்சு. நான் வாய தொறக்கல. போயிட்டு வாக்கான்னு கூட சொல்லல. என்னைய வாயாடின்னு சொல்லாதவன் கலஹாவுல இல்ல. பேச வேண்டிய அந்த ஒரு நாளு தான் வாய மூடி நின்னேன்.

வளந்த பொறகு கடுகண்ணாவையில ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவப் போனேன். சம்பளம் நல்லதுன்னு வீட்டுல சொன்னேன். நெசம் அதில்ல. அக்கா போன கோச்சி அந்த வழியா தான் போயிருக்கும். மேட்டுல ஏறி மெதுவா திரும்புறப்ப ஜன்னல்ல உள்ள மொகமெல்லாம் தெரியும். போறவங்க தான் எப்பவும். திரும்பி வர்ற கோச்சியில அந்த ஆளுங்க ஒருத்தரும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தன கோப்பை ஒடச்சேன்னு கடைக்காரரு கேப்பாரு. நான் ஜன்னல எண்ணிக்கிட்டு இருப்பேன்.

சரி, பல்லுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில ரோஸ் கலர் மாவ வாய் நெறைய அப்பி அச்சு எடுத்தாங்க. ரெண்டு மூணு தடவ அலைஞ்சு பல்லு வந்துச்சு. வெள்ளையா, நேரா, ரொம்ப நல்ல பல்லு. என் வாயில தான் அதுக்கு மரியாத இல்ல. மாட்டிக்கிட்டு கண்ணாடிய பாத்தா யாரோ கடை மொதலாளி மாதிரி ஒருத்தன் நிக்கிறான். மக பாத்துட்டு, "நல்லா இருக்கு அப்பா. ஆனா நீங்க மாதிரி இல்ல"ன்னு சொன்னா. பேசலாம். கொஞ்சம் பெலத்து சிரிச்சா மட்டும் கழண்டுரும். நேத்து ராவு பருப்புக்குள்ள விழுந்து, எம் பொண்டாட்டி கரண்டியால தேடி எடுத்துத் தந்தா.

அக்காவுக்கு கண்ணு ஆபரேசன் முடிஞ்சிருச்சு. அக்காகிட்ட சிரிக்காம பேச முடியுமா? போட்டுக்கிட்டா அக்கா நெஞ்சுல கல்லு ஏறாது. ஆனா அக்கா தேடி வர்ற மொகம் அதுவா இருக்காது. போடலன்னா நான் பொய்யன்னு தெரிஞ்சிரும், அந்த ஓட்ட மறுபடியும் அக்கா கண்ணுக்கு முன்னுக்கு நிக்கும். காலையில இருந்து நாலு தடவ மாட்டி நாலு தடவ கழட்டிட்டேன்.

இந்தப் பல்ல மாட்டிக்கிட்டு மொத நாளு பஸ்ல வந்த கதைய சொன்னா சிரிப்பீங்க. பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள, மடியில ஒரு கோழி. கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் நான் வாய தொறக்குறேன், அந்தக் கோழி பாருங்க, நேரா எம் பல்ல பாத்து கழுத்த ஒரு நீட்டு நீட்டி…

"ஏங்க! ஏங்க, வாங்க சீக்கிரம்! ஒங்க அக்கா வந்துட்டாங்க போனுல. மொகத்த கிட்ட வச்சு தேடுறாங்க, ஒரு கண்ணு தான் தெரியுது."

"இந்தா, பல்லு…"

"ஒங்கள தாங்க கேக்குறாங்க. பல்ல இல்ல. வாங்க, லைன் அறுந்துரும்."

கோப்பையிலயே கெடக்கட்டும். போறேன்.